இந்திய ரூபாய், இலங்கை ரூபாய்: பழைய மாற்று விகிதத்தை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த ரசீதுகள்தான் என்னை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டன. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மாதாமாதம் இல்லாவிட்டாலும் பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு சின்ன நோட்டு. அதில் வரவு செலவு. "அப்பா அனுப்பின காசு அன்னைக்கு இங்க எவ்வளவுடா?" என்று சித்தப்பா கேட்டார். அஞ்சு நிமிஷத்தில் சொல்லிவிடலாம் என்று செல்போனை எடுத்தேன். இரண்டு வாரம் ஆனது.

காரணம் எளிது. செல்போனில் வருவது இன்றைய ரேட். கொஞ்சம் பின்னால் போகலாம், பத்து இருபது வருஷம். அதற்கும் முன்னால் போனால் இந்த இரண்டு ரூபாய்க்கும் இடையே நேரடி விகிதம் எளிதில் அகப்படாது. நாமே கணக்குப் போட வேண்டும். குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள், பழைய பத்திரம் பார்க்கிறவர்கள், மலையக மக்களைப் பற்றி ஆய்வு செய்கிற மாணவர்கள் யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான். நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில்: கையில் இருப்பது எந்த ரூபாய்?

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இரண்டு நாட்டுப் பணத்துக்கும் பெயர் ரூபாய்தான், இரண்டையும் 'ரூ.' என்றுதான் எழுதினார்கள். நோட்டில் 'ரூ. 75' என்று இருந்தால் அது அங்கே கொடுத்த 75-ஆ, இங்கே வந்து சேர்ந்த 75-ஆ?

சில்லறையைப் பாருங்கள். இலங்கை ரூபாய்க்கு 1872-லிருந்தே நூறு சதம். இந்திய ரூபாய்க்கோ 1957 ஏப்ரல் 1 வரை பதினாறு அணா. அதன் பிறகுதான் நயா பைசா. ஆகவே 1950-களின் தொடக்கத்துக் கணக்கில் '12 ரூபாய் 8 அணா' என்று இருந்தால் அது இந்தியப் பணம். '12.50' என்றோ 'சதம்' என்றோ இருந்தால் இலங்கைப் பணம். 1957-க்குப் பிறகு இந்தத் துப்பு பாதிதான் உதவும். 'பைசா', 'சதம்' என்ற சொல் எழுதியிருந்தால் உண்டு, வெறும் புள்ளி வைத்திருந்தால் ரசீதை யார் கொடுத்தது, எந்த ஊர் முத்திரை என்று பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது: தேதி

வருஷம் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 1966, 1967, 1977, 1991, 2022 போன்ற ஆண்டுகளில் மாதம் தெரியாமல் கணக்கே போட முடியாது. ஏன் என்று அடுத்த பகுதியில் வரும். அஞ்சல் முத்திரை மங்கியிருந்தால் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எனக்கு அப்படி இரண்டு தேதி கிடைத்தது.

மூன்றாவது: அந்தத் தேதி எந்தக் காலகட்டத்தில் விழுகிறது?

இதுதான் முக்கியமான படி. இதைச் செய்துவிட்டால் பாதி ரசீதுகளுக்குத் தேடலே தேவைப்படாது.

1966 ஜூன் வரை ஒன்றுக்கு ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் இந்திய ரூபாயே சட்டப்படி செல்லுபடியானது. பிறகு இலங்கை தன் சொந்த நோட்டுகளை அச்சிட்டாலும் மதிப்பு இந்திய ரூபாயோடு சமமாகவே இருந்தது. 1950 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி தொடங்கியபோது இலங்கை ரூபாய்க்குத் தங்கத்தில் தனி மதிப்பு வைத்தார்கள்: 2.88 கிரெய்ன் (ஒரு பழைய எடை அளவு) சுத்தத் தங்கம். டாலர் கணக்கில் அது சுமார் 4.76 ரூபாய். 1949 செப்டம்பரில் பவுண்டு மதிப்பிறங்கியபோது கூடவே இறங்கிய இந்திய ரூபாயும் அதே 4.76-தான். எனவே தாத்தா 1965-ல் அனுப்பிய ரூ. 50, கமிஷன் போக, ஊரிலும் ரூ. 50-தான்.

இடையில் ஒரு விஷயம். சுதந்திரம் வந்தபோது ஒரு டாலரும் ஒரு ரூபாயும் சமம் என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் ஆகஸ்ட் 15-க்கு வரும். நம்பாதீர்கள். 1947-ல் ஒரு ரூபாய் என்பது ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் (அன்று பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு). அப்படியானால் ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 33 பைசா சொச்சம். அன்று ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். வகுத்தால் ஒரு டாலருக்கு சுமார் 3.31 ரூபாய். இதே கணக்குதான் இலங்கை ரூபாய்க்கும்.

1966 ஜூன் 6-ம் தேதி இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலர் 4.76-லிருந்து 7.50-க்கு ஏறியது. இலங்கை அசையவில்லை. அந்த ஒரே நாளில் ஒரு இலங்கை ரூபாய் சுமார் 1.58 இந்திய ரூபாய் ஆகிவிட்டது. ஆமாம், இலங்கை ரூபாய்தான் பெரிய ரூபாய். இன்றைக்கு இருக்கும் நிலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்புவது சிரமம். கணக்கில் ஏதோ தப்பு என்று நினைத்து மாற்றிப் போட்டுவிடுவார்கள். நானும் போட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

1967 நவம்பரில் பவுண்டு மறுபடி மதிப்பிறங்கியது. இந்த முறை இந்தியா சும்மா இருந்தது, இலங்கை 20 சதவீதம் குறைத்தது. டாலர் அங்கே 5.95 ஆனது. 7.50-ஐ 5.95-ஆல் வகுத்தால் 1.26. இலங்கை ரூபாய் கொஞ்சம் இறங்கினாலும் இன்னும் இந்திய ரூபாயைவிடக் கனமாகத்தான் இருந்தது.

இந்த ஏற்ற இறக்கம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு என்ன செய்தது என்று பார்க்க ஒரு தொகையை எடுத்துக்கொள்வோம். மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி 1964 அக்டோபரில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்தியா திரும்பும் ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. கையெழுத்தான அன்று அந்த 4,000 இலங்கை ரூபாய், இந்தியாவில் 4,000. 1966 ஜூலையில் அதுவே சுமார் 6,300. 1967 நவம்பருக்குப் பிறகு சுமார் 5,040. ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. எந்த மாதம் கப்பல் ஏறினார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். இது காகிதக் கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. பலருக்கு 4,000 ரூபாய் சேர்ந்ததே இல்லை.

1968 மே மாதம் இலங்கையில் இரட்டை விகிதம் வந்தது. அத்தியாவசிய இறக்குமதிக்கும் தேயிலை, ரப்பர், தேங்காய் போன்ற பெரிய ஏற்றுமதிகளுக்கும் பழைய 5.95. மற்றவற்றுக்கு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் ஒன்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும். 'எஃப்.ஈ.ஈ.சி' என்று பழைய வியாபாரிகள் சொல்வது இதைத்தான். அந்தக் கூடுதல் விலை முதலில் 44 சதவீதம், பிறகு 55, பிறகு 65. 44 சதவீதம் சேர்த்தால் டாலர் 8.57 ஆகிறது, அந்தக் கணக்கில் இலங்கை ரூபாய் இந்திய ரூபாயைவிடச் சிறியது! ஒரே நாளில் இரண்டு பதில், இரண்டும் சரி. 1968-லிருந்து 1977 வரைக்கும் உள்ள எந்த ரசீதுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: எந்த விகிதத்தில் மாற்றினார்கள்?

1977 நவம்பரில் புது அரசு இரண்டையும் ஒன்றாக்கி, டாலருக்கு 16 ரூபாய் என்று தொடங்கி, சந்தைக்கேற்ப நகர விட்டது. இந்தியாவில் அப்போது டாலர் எட்டு ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய இரண்டு இலங்கை ரூபாய் ஆனது. இலங்கை ரூபாய்தான் சின்னது என்ற, நம் காலத்துக்குப் பழக்கமான நிலை அன்றிலிருந்துதான் வருகிறது.

அதற்கப்புறம் இந்தியப் பக்கம் 1991 ஜூலை முதல் வாரம் இரண்டு தடவையாக மதிப்பிறக்கம். 1992 மார்ச் முதல் ஓராண்டு இங்கேயும் இரட்டை விகிதம், கொண்டுவரும் டாலரில் 40 சதவீதம் அரசு விகிதத்திலும் 60 சதவீதம் சந்தை விகிதத்திலும் மாற்றினார்கள். 1993 மார்ச்சில் ஒன்றாக்கினார்கள். இலங்கைப் பக்கம் 2001 ஜனவரியில் ரூபாயை முழுதாக மிதக்க விட்டார்கள். கடைசிப் பெரிய அதிர்ச்சி 2022 மார்ச்.

நான்காவது: டாலர் விகிதங்களை எடுப்பது

இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் என்று நேரடியாகத் தேடுவதைவிட, இரண்டுக்கும் டாலர் விகிதத்தைத் தனித்தனியாக எடுத்து வகுப்பதே நம்பகமான வழி. வங்கிக்காரர்கள் இதை கிராஸ் ரேட் என்பார்கள். இரண்டு நாட்டு வியாபாரக் கணக்கும் நெடுங்காலமாக டாலர் வழியாகவே தீர்க்கப்பட்டு வந்தது என்பதால் இது வெறும் வசதிக்காகச் செய்வதும் அல்ல.

1973-க்குப் பிறகு என்றால் நான் முதலில் போகும் இடம் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஹெச்.10 பட்டியல். நியூயார்க்கில் நண்பகல் விகிதம், ஒவ்வொரு வேலை நாளுக்கும். இந்தியா, இலங்கை இரண்டும் அதில் 1973 ஜனவரியிலிருந்து இருக்கின்றன. ஒரே ஊரில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் எடுத்த எண்கள் என்பதுதான் இதன் பெரிய பலம். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஃபிரெட் தளத்தில் இதே எண்களை எக்செல் கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விடுமுறை நாளில் இடம் காலியாக இருக்கும். முந்தைய வேலை நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு என்றால் சர்வதேச நாணய நிதியத்தின் மாதாந்திர எண்கள் 1957-லிருந்தும், உலக வங்கியின் ஆண்டுச் சராசரி 1960-லிருந்தும் உண்டு. அதற்கும் முன்பு என்றால் மேலே சொன்ன பவுண்டுக் கணக்கே போதும்.

சரி, நம் ரிசர்வ் வங்கி? அதன் தினசரிக் குறிப்பு விகிதம் டாலர், பவுண்டு, யூரோ, யென் போன்ற பெரிய நாணயங்களுக்கானது (2018 ஜூலையிலிருந்து அதை எஃப்.பி.ஐ.எல் என்ற தனி நிறுவனம் கணக்கிடுகிறது), இலங்கை ரூபாயை அங்கே தேடிப் பயனில்லை. இலங்கை மத்திய வங்கியோ இந்திய ரூபாய்க்கும் விகிதம் வெளியிடுகிறது. அதன் ஆண்டறிக்கைப் பின்னிணைப்புகளும் உதவும், அவை தமிழிலேயே வருகின்றன. அங்கே 'செலாவணி வீதம்' அல்லது 'நாணய மாற்று வீதம்' என்று தேடுங்கள். 'விகிதம்' என்று தேடினால் வேறு எதெல்லாமோ வரும்.

ஐந்தாவது: வகுத்தல்

ஒரு இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் என்று வேண்டுமானால், இலங்கையின் டாலர் விலையை இந்தியாவின் டாலர் விலையால் வகுக்க வேண்டும். ஒரு இலங்கை ரூபாய்க்கு எத்தனை இந்திய ரூபாய் என்றால் தலைகீழ். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொன்னாலும் நான் இங்கேதான் கோட்டைவிட்டேன். தாத்தா 1970-ல் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேசுவரம் வந்தவர். நோட்டில் அவர் கணக்கு 2,600 இலங்கை ரூபாய். இலங்கை ரூபாய் என்றாலே சின்னது என்ற நினைப்பில் 5.95-ஐ 7.50-ஆல் வகுத்துப் பெருக்கி, ரூ. 2,063 என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் மனசு கேட்காமல் இருந்தார். "முப்பது வருஷம் உழைச்சதுல ஐந்நூறு ரூபா கடல்லயே போச்சா?" என்றார். சரியான கணக்கு 2,600 × 7.50 ÷ 5.95, அதாவது சுமார் ரூ. 3,277. போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதான பாத்தேன், அந்தக் காசுலதான பசுமாடு வாங்குனாரு" என்றார்.

தலைகீழாகப் போட்டுவிட்டோமா என்று சோதிக்க ஒரு சுருக்கு வழி: எந்த நாட்டில் ஒரு டாலர் வாங்க அதிக ரூபாய் வேண்டுமோ, அந்த நாட்டு ரூபாய்தான் சின்னது. மாற்றியபின் அந்த நாட்டுத் தொகைதான் பெரிய எண்ணாக இருக்க வேண்டும். 1970-ல் இந்தியாவில் 7.50, இலங்கையில் 5.95, ஆகவே இந்தியத் தொகைதான் பெரிதாக வர வேண்டும். என் விடை அப்படி வரவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஆறாவது: சராசரி என்ற பொறி

உலக வங்கிப் பட்டியலில் இந்தியாவுக்கு 1966-ம் ஆண்டு விகிதம் 6.36 என்று இருக்கும். அந்த ஆண்டில் எந்த நாளும் எந்த வங்கியும் ஒரு டாலரை 6.36 ரூபாய்க்கு மாற்றவில்லை. ஐந்து மாதம் 4.76, ஏழு மாதம் 7.50, கூட்டி பன்னிரண்டால் வகுத்தால் 6.36. இலங்கைக்கு 1977-ல் 8.87 என்று இருப்பதும் இதே கதைதான். டிசம்பரில் டாலர் 16-க்கு அருகில் இருந்தது. ஒரு ஆண்டு முழுவதற்குமான வியாபாரத்தைக் கணக்கிட ஆண்டுச் சராசரி சரி. ஒரு நாளைய ரசீதுக்குக் கூடாது.

இன்னொன்று. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் வரும் ஆண்டு ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. இலங்கை மத்திய வங்கியின் ஆண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எடுத்து வகுத்தால் மூன்று மாதம் தள்ளிப்போய்விடும்.

இந்த ஜோடியைப் பொறுத்தவரை சராசரி இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 1990-ல் ஆண்டுச் சராசரி இந்தியாவில் டாலருக்கு 17.5, இலங்கையில் சுமார் 40.1, நூறு இந்திய ரூபாய்க்கு 229 இலங்கை ரூபாய். 1993-ல் இந்தியாவில் 30.5, இலங்கையில் 48.3, நூறுக்கு 158-தான். இலங்கை ரூபாய் பலமடைந்துவிட்டது என்று இதைப் பார்த்து எழுதினால் தப்பு. இரண்டும் டாலருக்கு எதிராக விழுந்தன. இந்திய ரூபாய் வேகமாக விழுந்தது. அதனால் வகுத்து வந்த எண்ணை மட்டும் எழுதாமல், பக்கத்திலேயே இரண்டு டாலர் விலையையும் எழுதி வையுங்கள்.

ஏழாவது: அரசு விகிதமா, கைக்கு வந்ததா?

பட்டியலில் இருப்பது பெரும்பாலும் நடு விகிதம். வங்கி வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. அஞ்சலகமோ வங்கியோ கமிஷன் தனி. சாதாரண நாட்களில் இந்த வித்தியாசம் சிறியது.

அசாதாரண நாட்களில் பட்டியலே பாதிப் பொய். இலங்கையில் 2021 பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் முதல் வாரம் வரை டாலரை 200 - 203 அளவில் பிடித்து வைத்திருந்தார்கள். வங்கியில் அந்த விலைக்கு டாலர் கிடைக்கவில்லை. உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாக, அனுப்பியவர்களுக்கு அதைவிட அதிகம் கிடைத்தது. வெளிநாட்டில் உறவினர் உள்ள யாழ்ப்பாணத்து வீடு எதிலாவது கேட்டுப் பாருங்கள், வங்கி ரேட், உண்டியல் ரேட் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். பிடியை விட்டதும் இரண்டே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. சென்னையில் படிக்கும் பிள்ளைக்கு கொழும்பிலிருந்து 50,000 இந்திய ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரியில் டாலர் அங்கே 202, இங்கே 75. சுமார் 1,35,000 இலங்கை ரூபாய். மே நடுவில் அங்கே 360, இங்கே 77.5, சுமார் 2,32,000. கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

வரிக் கணக்கு, நீதிமன்றம், சுங்கம் போன்றவற்றுக்கு மட்டும் இந்தக் கட்டுரையை நம்பி இறங்காதீர்கள். அங்கே எந்த நாளின், யாருடைய விகிதம் என்று விதியே சொல்லிவிடும். உதாரணத்துக்கு, 1962-ம் ஆண்டு வருமானவரி விதிகளில் 115-வது விதி ஸ்டேட் வங்கியின் தந்திவழிப் பணமாற்று (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) வாங்கும் விகிதத்தைக் கேட்டது. நம் வகுத்தல் அங்கே செல்லாது. ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எட்டாவது: எழுதி வைப்பது

இதைச் செய்யாமல் விட்டு, மூன்று மாதம் கழித்து நானே என் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாமல் திண்டாடினேன். இப்போது ஒவ்வொரு ரசீதின் நகலுக்கும் பின்னால் பென்சிலில் இப்படி எழுதுகிறேன்: 'இலங்கை ரூ. 2,600. 1970. டாலருக்கு இலங்கை 5.95, இந்தியா 7.50, இரண்டும் அரசு விகிதம். ஒரு இலங்கை ரூபாய் 1.26 இந்திய ரூபாய். இந்திய ரூ. 3,277. கமிஷன் கழிக்கவில்லை. சான்றிதழ் விகிதத்தில் மாற்றினார்களா என்று பார்க்கவில்லை.' பிறகு வருகிறவர் வேறு விகிதம் கண்டுபிடித்தால், எதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பெட்டியில் இருந்தவற்றில் முப்பத்தொரு ரசீதுக்கு இப்படி எழுதி முடித்துவிட்டேன். அதில் பத்தொன்பது 1966-க்கு முந்தியவை. அவற்றுக்கு நேரமே ஆகவில்லை. நோட்டில் மட்டும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது: 'மண்டபம், ரூ. 40'. தேதி இல்லை, சதமும் இல்லை, பைசாவும் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.